தவறணையில் பால் காய்ச்சினோம்

படித்தால் பணிவு வரும் என்று சொல்பவர்கள், ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை, மூத்த மகளான நான்தான்.

யாழ்ப்பாணத்தில் அப்பா படித்து முடிப்பதற்குள் அவருடைய பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டது. அம்மா அதற்கும் முன்பே புத்தகத்தை வைத்துவிட்டுத் தம்பி தங்கைகளைத் தூக்கித் திரிந்தவர். ஜெர்மனிக்கு வந்த பிறகு அப்பா ஹம் நகரில் ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் சமைத்தார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். நான் கட்டடக்கலை படித்தேன். என் பட்டமளிப்புப் படம் வரவேற்பறையில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் தொங்கியது. (வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுவார். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.)

ஆர்க்கிடெக்ற் என்றால் வீடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் என்று எங்கள் உறவினர்கள் முடிவு செய்திருந்தார்கள். டோட்முண்டில் இருக்கும் மாமி தொலைபேசியில் கூப்பிட்டு, "பிள்ளை, எங்கட குளியலறைச் சுவரிலை ஒரு வெடிப்பு. இது ஆபத்தான வெடிப்போ, சும்மா வெடிப்போ?" என்று கேட்பார். நான் பார்க்காமலே, "சும்மா வெடிப்பு மாமி, யோசிக்காதேங்கோ" என்பேன். (அந்தக் குளியலறை இன்றும் நிற்கிறது. என் தொழில் வாழ்வில் முழுமையாகச் சரிவந்த ஒரே தீர்ப்பு அதுதான்.)

இப்படியான காலத்தில்தான் அந்த மதுச்சாலை எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

ஹம்மிலிருந்து பஸ்ஸில் போனால், சோளவயல்களுக்கு நடுவே, தேவாலயத்துக்கு எதிரே நின்றது அது. கறுத்துப்போன ஓக் மரச்சட்டங்கள். சட்டங்களுக்கு இடையில் களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து அடைத்து வெள்ளை பூசிய சுவர்கள். இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல், மர முளைகளாலேயே மூட்டிய எலும்புக்கூடு. வண்டி மாட்டோடு உள்ளே போகக்கூடிய அகன்ற வாசல். அந்த வாசலின் மேற்சட்டத்தில், கட்டிய கணவன் மனைவியின் பெயர்களையும், "ஆண்டவரே, இந்த வீட்டை நெருப்பிலிருந்து காப்பாற்றும்" என்ற வேண்டுதலையும் செதுக்கியிருந்தார்கள். (யாழ்ப்பாணத்து ஆட்களிடமிருந்தும் காப்பாற்றும் என்று சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு அந்நாளில் தோன்றியிருக்காது.)

உள்ளே ஒரு நேர்கோடு கிடையாது. தரையில் பதித்த மணற்கற்கள் நூற்றாண்டுகளாகக் கால்கள் தேய்த்ததில் கிண்ணம் போலக் குழிந்திருந்தன. மது ஊற்றிக்கொடுக்கும் நீளமான ஓக் மேசையில் ஒரு கிளாஸை வைத்தால் அது தானாகவே ஒரு பக்கம் நகரத் தொடங்கும். கூடத்தின் நடுச்சுவரில், ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய அளவுக்கு ஒரு பழைய அடுப்பு. அதன் மேல் கவிழ்த்துவைத்த பெரிய பெட்டி போல ஒரு புகைக்கூண்டு. ஜன்னல்களில் ஈயச் சட்டத்துக்குள் பதித்த பச்சை, மஞ்சள் கண்ணாடிகள். மாலை வெயில் அதற்குள்ளால் வந்து தரையில் விழும்போது, அத்தனை காலப் பியர் நாற்றத்தையும் மீறி எனக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்த நாளிலேயே நான் அந்தக் கட்டடத்தைக் காதலித்துவிட்டேன்.

அப்பாவும்தான். ஆனால் அவர் காதலித்தது வேறு கட்டடத்தை. அவருடைய கண்ணில் ஓக் மரமும் ஈயக் கண்ணாடியும் படவில்லை. தோசைக்கல்லும், மேசைகளும், வாசலில் காத்து நிற்கும் சனமும்தான் தெரிந்தன. முழு வயதையும் மற்றவர்களின் சமையலறைகளில், மற்றவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்தே கழித்தவர். தனக்கென்று ஒரு சாப்பாட்டுக்கடை வேண்டும் என்பதைத் தவிர அவர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. அதையும் கேட்டதில்லை, ஹம்மில் உள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் கொத்து ரொட்டிக் கடைகளைக் கடக்கும்போது நடை கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

மதுச்சாலையின் சொந்தக்காரர் ஹெர் ஷுல்ற்ற. தாயார் இறந்த பிறகு அதை நடத்த ஆளில்லாமல் பூட்டி வைத்திருந்தார். அப்பா கன்ரீனில் கொடுத்த ஆட்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, "இதை என் ஊரில் சமைப்பதென்றால் சாவியைத் தருகிறேன்" என்றவர். ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் கட்டடம் அரசாங்கம் பாதுகாக்கும் பழங்கட்டடம்; டெங்க்மால் என்பார்கள். பழைய சமையற்கொட்டில் இற்று விழுந்துவிட்டதால் புதிய சமையலறையைப் பின்னறையில்தான் அமைக்க வேண்டும். அதற்குப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

"அனுமதியை என்னட்டை விடுங்கோ அப்பா" என்றேன். அந்த வசனத்தை நான் சொன்ன தொனியை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

நானே அளந்தேன், நானே வரைந்தேன். என் அலுவலகத் தலைவர் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்திட்டார். கட்டடத்தைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போல ஒரு படம் வரைவோம். அதற்குப் பெயர் குறுக்குவெட்டுப் படம். அதுதான் என் பெருமை. ஒவ்வொரு உத்தரத்தின் வளைவையும் அப்படியே போட்டிருந்தேன். கூரையடிப் பரணை மட்டும் நேரில் பார்க்கவில்லை. ஏணியில் பாதி ஏறித் தலையை நீட்டியபோது, உள்ளங்கை அளவு சிலந்தி ஒன்று என்னை நேருக்கு நேர் பார்த்தது. இறங்கிவிட்டேன். மீதியை அறிவால் நிரப்பினேன். அடுப்பு இருக்கிறது, அதன்மேல் புகைக்கூண்டு இருக்கிறது. ஆகவே புகைபோக்கி நேரே மேலே போய்க் கூரையைத் தாண்டி வானத்தில் திறக்கும். வரைந்தேன். அழகாக வந்தது. கொஞ்சநாளில் நான் அதை வரைந்தேன் என்பதையே மறந்து, அளந்தேன் என்றே நம்பத் தொடங்கிவிட்டேன்.

பின்னறையைப் பற்றி அறிக்கையில் நான் எழுதியது: "பிற்காலத்தில் மரப்பலகை அடித்த சாதாரண அறை. பெறுமதியான எதுவும் இல்லை."

பாதுகாப்பு அலுவலகத்தின் அதிகாரி பிராவ் ஹோல்ற்காம்ப் என்ற பெண்மணி தொலைபேசியில் என் படங்களைப் பாராட்டினார். இடத்தைப் பார்வையிட வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். "கிடைச்ச மாதிரித்தான் அப்பா" என்றேன். அடுத்த நாளே அப்பா கன்ரீனில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்தார். என் பேச்சை நம்பி ஒரு மனிதர் செய்த மிகப் பெரிய காரியம் அது.

பிறகு அம்மா பேசினார்.

"ஆடி பிறக்கப்போகுது. பிறந்தால் ஒரு மாசத்துக்கு ஒண்டும் தொடங்க ஏலாது. கோயில் ஐயரிட்டைக் கேட்டனான். வியாழன் காலமை நல்ல நேரமாம். பாலைக் காய்ச்சுவம்."

"அம்மா, வியாழன்தான் எனக்கு அங்கை ரெர்மின். அந்த அலுவலகத்து ஆக்கள் இடம் பாக்க வருவினம்."

"நல்லதாப் போச்சு. பாலைக் காய்ச்சிப்போட்டு ரெர்மினை வை."

"அனுமதியே இன்னும் கிடைக்கேல்லை, அதுக்குள்ளை பாலோ?"

"பால் பொங்கினாத்தான் அனுமதி கிடைக்கும். அது தவறணை, பிள்ளை. எத்தினை வருசமாக் குடிச்சு வெறிச்சுக் கிடந்திருப்பினம். முதல்ல அந்த இடத்திலை பால் பொங்கி வழியோணும். பிறகுதான் மற்றதெல்லாம்."

எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலை அதுதான். பால் காய்ச்சாமல் ஒரு கதிரையைக்கூட உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். அலுவலர் வருவதற்கு முன்பு முடித்துத் துடைத்துவிடலாம் என்பது கணக்கு.

வியாழக்கிழமை காலை அப்பா, அம்மா, தம்பி, நான் நால்வரும் போய் இறங்கினோம். தம்பி அப்போது கார் திருத்தும் தொழில் பழகிக்கொண்டிருந்தான்; அன்று லீவு எடுத்திருந்தான். நான் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட். அம்மா பட்டுச்சேலை. அப்பா கல்யாணங்களுக்கு மட்டும் போடும் கோட். அம்மாவின் பையிலிருந்து குத்துவிளக்கு, மஞ்சள், குங்குமம், புதுப் பானை எல்லாம் வந்தன. கடைசியாக, முகாம் போடுகிறவர்கள் கொண்டுபோகும் சின்னக் காஸ் அடுப்பு ஒன்றும் வந்தது.

அந்த அடுப்பை அவர் பற்றவைக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. இப்போது நீங்கள் எங்கள் கடையில் மசாலாத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

"அம்மா! டெங்க்மாலுக்குள்ளை காஸ் கொண்டுவரக் கூடாது!" என்று கத்தினேன். (அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

"அப்ப எதிலை காய்ச்சுறது? கரண்டும் வெட்டியிருக்கு."

நான் மெதுவாகத் திரும்பி, கூடத்தின் நடுச்சுவரில் இருந்த பழைய அடுப்பை நோக்கிக் கையை நீட்டினேன். மேடையில் ஒருவரை அறிமுகம் செய்வது போல நீட்டினேன் என்று தம்பி சொல்லுவான். "இந்தக் கட்டடத்திலை நெருப்புக்கெண்டே கட்டின இடம் ஒண்டு இருக்கு. எத்தினை தலைமுறை எரிஞ்ச அடுப்பு தெரியுமே? பழங்கட்டடத்தை அது கட்டின நோக்கத்துக்கே பாவிக்கிறதுதான் உண்மையான பாதுகாப்பு."

கடைசி வசனம் என் இறுதி ஆண்டு ஆய்வுரையிலிருந்து.

"அக்கா, உது வேலை செய்யுமோ?" என்றான் தம்பி.

"அக்கா படிச்சவ. உனக்கென்னடா தெரியும்?" என்றார் அப்பா. "போய் விறகைப் பொறுக்கிக்கொண்டு வா."

தம்பியைத் தவிர இன்னொருவராவது என்னைச் சந்தேகித்திருக்கலாம். ஒருவரும் செய்யவில்லை. அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்புக்கு மூன்று பக்கமும் திருநீறு பூசினார். அப்பா பானையைத் தூக்கி வைத்தார். கற்பூரத்தை வைத்து விறகில் நெருப்பை மூட்டியது நான். படித்த பிள்ளையின் கையால் நடக்கட்டும் என்று அம்மாதான் தீப்பெட்டியைத் தந்தார்.

முதலில் எல்லாம் அழகாகவே இருந்தது. சுடர் எழுந்தது. புகை கட்டளைக்குக் கீழ்ப்படிந்து புகைக்கூண்டுக்குள் ஏறியது. "பாத்தியே?" என்றேன் தம்பியிடம். ஏறிய புகை மேலே எதையோ யோசித்தது. பிறகு, மறந்துவிட்ட சாமானை எடுக்கத் திரும்பி வருபவரைப் போல, இறங்கி வந்தது. அதோடு தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. தலைமுறை தலைமுறையாக உள்ளே படிந்திருந்த கரி, ஒரு பெருமூச்சு போன்ற சத்தத்தோடு என் தலையில் விழுந்தது.

"பால்! பாலை மூடுங்கோ!" என்று அம்மா கத்தினார். அவருக்கு மகளின் நிலை இரண்டாம் பட்சம்.

அதற்குள் தம்பி பின்னறைக்குள்ளிருந்து கூப்பிட்டான். "அக்கா, சுவர் புகைக்குது!"

"சுவர் புகைக்காது" என்றேன் இருமலுக்கு இடையில்.

"வந்து பார், புகைக்குது!"

போய்ப் பார்த்தேன். மரப்பலகைகளின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் வெள்ளைப் புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. பலகைக்குப் பின்னால் பற்றிவிட்டது என்றே நானும் நினைத்தேன். களிமண்ணும் வைக்கோலும் காய்ந்த ஓக்கும் சேர்ந்த வீடு. தம்பி என்னிடம் கேட்காமலே தீயணைப்புப் படையைக் கூப்பிட்டான். அன்று எங்கள் குடும்பத்தில் எடுக்கப்பட்ட ஒரே சரியான முடிவு.

ஊரில் அபாயச் சங்கு ஊதியது. இங்கே சின்ன ஊர்களில் தீயணைப்புப் படை என்றால் ஊர் ஆண்கள்தான். உழவு இயந்திரத்தை வயலில் விட்டுவிட்டு ஓடி வருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்த மதுச்சாலையில் பல வருடம் குடித்தவர்கள். தாய்வீடு எரிவது போன்ற முகத்தோடு இறங்கினார்கள். முன்னால் தலைக்கவசத்தோடு குதித்த தலைவர், ஹெர் ஷுல்ற்றவேதான். தன்னுடைய வீட்டைத் தானே அணைக்க வந்திருந்தார்.

அடுப்பைப் பார்த்தார். கரி பூசிய என்னைப் பார்த்தார். பட்டுச்சேலையில் நின்ற அம்மாவையும் குத்துவிளக்கையும் பார்த்தார்.

"அதில் யார் நெருப்பு வைத்தது? அந்தப் புகைபோக்கியைப் பரணிலேயே செங்கல் வைத்து என் தாத்தா அடைத்துவிட்டாரே. ஊரில் எல்லோருக்கும் தெரியும்!"

ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்த ஆர்க்கிடெக்ற் ஒருத்தியைத் தவிர. (பரணில் இருந்த சிலந்திக்கும் தெரிந்திருக்கும்.)

அவர்கள் அடுப்பு நெருப்பை அணைத்தார்கள். பிறகு, உள்ளே தணல் ஏதும் இருக்குமோ என்று பின்னறைப் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பினார்கள். முதல் பலகை முனகிக்கொண்டு வந்தது. நெருப்பு இல்லை. சுவரில் ஒரு பழைய துளை இருந்தது. எப்போதோ ஒரு கணப்பின் குழாய் புகைபோக்கிக்குள் போன துளை. மேலே போக வழியில்லாத புகை அதற்குள்ளால் வந்து பலகைக்குப் பின்னால் நிறைந்திருந்தது, அவ்வளவுதான். வீடு தப்பிவிட்டது. நான் மூச்சு விட்டேன்.

நிச்சயப்படுத்துவதற்காக இரண்டாவது பலகையையும் கழற்றினார்கள். அப்போது சுவரில் ஒரு கை தெரிந்தது.

வரைந்த கை. அதில் ஒரு மதுக்குவளை. குவளைக்கு அருகே நீல நிறத்தில் ஒரு சட்டைக்கை.

"நிறுத்துங்கள்!"

கத்தியது நான் இல்லை. வாசலில் கோப்போடு நின்ற பிராவ் ஹோல்ற்காம்ப். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே வந்துவிட்டார். கடப்பாரையோடு நின்ற ஆள் அப்படியே உறைந்து போனார்.

மற்றப் பலகைகளை அவரும் நானும் சேர்ந்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போலக் கழற்றினோம். சுவர் முழுக்க ஓவியம். நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கும் ஆண்கள். குடத்தோடு வரும் ஒரு பெண். மேசைக்குக் கீழே இறைச்சித் துண்டைத் திருடும் நாய். மூலையில், எரியும் அடுப்பில் பானையை வைத்துக் கிளறிக்கொண்டிருக்கும் பருத்த சமையற்காரன். களிமண் பூச்சின் மேல் தீட்டிய நிறங்கள் நேற்றுக் காய்ந்தவை போல இருந்தன. அவற்றைப் பலகை இத்தனை காலமும் காப்பாற்றியிருந்தது.

பிராவ் ஹோல்ற்காம்ப் அழுதார். நானும் அழுதேன். என் கண்ணீர் கரியில் கோடு போட்டு இறங்கியது. இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, நிறத்தைப் பற்றியும் பூச்சைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் ஜெர்மனில் கத்திக்கொண்டிருந்தோம். "இந்த வட்டாரத்தில் இப்படி ஒன்று கிடையாது!" என்றார் அவர். "கிடையாது! கிடையாது!" என்றேன் நான். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. சின்ன வயதில் அவமானத்திலிருந்து தப்பினால் வரும் சந்தோசம் அது. படித்த படிப்புக்கெல்லாம் ஒரேயடியாகக் கூலி கிடைத்த சந்தோசமும்கூட.

அப்பா கதவடியில் நின்றார். கல்யாணக் கோட்டில், இரண்டு கையாலும் பால் பானையைப் பிடித்தபடி. எங்கள் சந்தோசத்தைப் பார்த்து அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ நல்லது நடக்கிறது, மகள் வென்றுவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். பிறகு தன்னுடைய ஜெர்மனில் மெதுவாகக் கேட்டார்.

"நல்லது, நல்லது. இங்கே சமையலறை… எப்போது தொடங்கலாம்?"

அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றது.

பிராவ் ஹோல்ற்காம்ப் நல்ல பெண். அதுதான் இன்னும் கொடுமை. அவர் அப்பாவின் கையைத் தொட்டு, மெதுவாக, எளிய சொற்களில் விளக்கினார். இந்தச் சுவருக்குப் பக்கத்தில் இனி நீராவி கூடாது. எண்ணெய்ப் புகை கூடாது. வெப்பம் கூடாது. இந்த அறையில் மட்டுமல்ல, இதோடு காற்றுக் கலக்கும் எந்த அறையிலும்.

அப்பா என்னிடம் திரும்பினார். "தாளிக்கலாமோ எண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். கொதிக்கும் எண்ணெயில் கடுகையும் வெங்காயத்தையும் மிளகாயையும் போடுவது என்று, கரி முகத்தோடு, என் மிகச் சிறந்த ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். பிராவ் ஹோல்ற்காம்ப், சுவரோவியத்தில் நாய் திருடும் இறைச்சித் துண்டைப் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"வருத்தமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால், இன்று நான் சம்மதம் சொல்லத்தான் வந்தேன்" என்றார் அவர்.

அப்பா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். குடிப்பவர்களைப் பார்த்தார், குடத்துக்காரியைப் பார்த்தார், மூலைக்கு வந்து நின்றார்.

"உந்தச் சுவரிலை நிக்கிறவன் சமைக்கலாம்" என்றார். "நான் சமைக்க ஏலாது. அப்பிடியே?"

அம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தார். வெதுவெதுப்பான பாலின் மேல் கரி ஏடு போலப் படிந்திருந்தது. "பொங்கேல்லை" என்றார். எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு விளக்கம் போதுமாக இருந்தது. எனக்கும் அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

நான் சும்மா விடவில்லை. முற்றத்தில் தனிச் சமையலறை கட்ட வரைந்தேன்: பழங்கட்டடத்தின் தோற்றத்தை மறைக்கும் என்றார்கள். சமைத்துக் கொண்டுவந்து பரிமாறக் கேட்டேன்: சூடாக்கும் அடுப்பும் கூடாது என்றார்கள். கேக்கும் கோப்பியும் மட்டும் விற்கலாம் என்று சம்மதம் வந்தபோது அப்பா, "கேக் சுட எனக்குத் தெரியாது, பிள்ளை. நீ விடு" என்றார். ஹெர் ஷுல்ற்ற அந்த இடத்தைக் கடைசியில் ஊர்ப் பெண்கள் சங்கத்திடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அங்கே கேக் விற்கிறார்கள். சுவரைப் பார்க்கப் பஸ் பிடித்து ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் போன ஒரு தடவை, வழிகாட்டும் பெண்மணி, "ஒரு சிறு விபத்தின்போது இது வெளிப்பட்டது" என்றார். தம்பி என்னைக் காட்டி, "அந்தச் சிறு விபத்து இவதான்" என்று ஜெர்மனில் அறிமுகம் செய்துவைத்தான். அவர்கள் கைதட்டினார்கள்.

அப்பா கன்ரீனுக்குத் திரும்பிப் போய், விட்ட வேலையைத் தரும்படி கேட்டார். தந்தார்கள், ஆனால் முன்பு போலப் பகல் வேலை இல்லை, விடிய முன் தொடங்கும் வேலை. அவர் இருட்டில் சப்பாத்துப் போடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் போர்வைக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். இதற்கிடையில் எனக்கு மட்டும் எல்லாம் உயர்ந்தது. அந்தச் சுவரால் எனக்குப் பெயர் வந்தது. பழங்கட்டடங்கள் என்றால் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். பிராங்பேர்ட்டில் ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அப்பா அதே கல்யாணக் கோட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கேள்வி நேரத்தில் ஒருவர், பலகைக்குப் பின்னால் ஓவியம் இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "ஆய்வின் ஒரு கட்டத்தில்" என்று நான் தொடங்குவதற்குள் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, ஜெர்மனில், மண்டபம் முழுவதும் கேட்க, "பால் காய்ச்சும்போது" என்றார்.

என் படம் இன்னும் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. சாம்பிராணி மட்டும் நின்றுவிட்டது. "புகை எண்டால் அவளுக்குச் சரிவராது" என்கிறார் அம்மா.

எங்கள் உறவினர்களிடையே இப்போது ஒரு புதிய வழக்கம் வந்துவிட்டது. யார் வீடு வாங்கினாலும், வாடகைக்கு எடுத்தாலும், பால் காய்ச்ச முதல் ஒருவர் எழும்பிப்போய் நான்கு சுவரையும் தட்டிப் பார்க்க வேண்டும். டோட்முண்ட் மாமியின் புதுவீட்டில் மாமாவே தட்டினார். "எல்லாம் சரியோ எண்டு நல்லாப் பாருங்கோ. பிள்ளையும் வந்திருக்கு. உள்ளுக்கு ஏதும் கிடந்தால் வீடு கவுண்மேந்துக்குப் போயிடும்" என்றார் மாமி. நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு தடவை சொல்லுவார்கள்.

போன மாரியில் நான் ஹம்மிலேயே தனியாக ஒரு சின்ன வீடு எடுத்தேன். புதிதாகக் கட்டிய கொங்கிரீட் மாடி. சரித்திரம் என்று ஒன்றும் இல்லாதது. வேண்டுமென்றேதான் அப்படிப் பார்த்து எடுத்தேன். அம்மா புதுப் பானையோடு வந்தார். அப்பா விடியற்கால வேலை முடிந்து நேரே வந்தார். கோட்டில் கன்ரீன் வெங்காய மணம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கூடத்துச் சுவரில் காதை வைத்து விரல் முட்டியால் தட்டினார். பிறகு படுக்கையறை. பிறகு குளியலறை. சமையலறைச் சுவரில் மட்டும் நெடுநேரம் நின்று, மேலிருந்து கீழே வரை, வைத்தியர் நெஞ்சைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே வந்தார்.

"ஒண்டுமில்லை, பிள்ளை" என்றார். "வெறும் சுவர். பயப்பிடாமல் காய்ச்சு."